ஆடியில் எடுத்தது, ஆவணியில் வாங்கியது

1

தணிக்கை நோட்டீஸ் வாசிக்கப்பட்டபோது பட்டறை ஆபீசில் இருந்தவர்கள்:

சின்னண்ணன், வயது ஐம்பத்தெட்டு. நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோட்டில் டிராக்டருக்கு டிரெய்லர் கட்டித் தரும் பட்டறையின் முதலாளி.

வசந்தாமணி, அவர் மனைவி. எந்தப் பில்லை எந்த நாளில் போட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்.

சத்யபிரியா, கணக்கு எழுதுகிறவள். பதினோரு வருடமாகச் சேந்தமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள்.

அறிவழகன், ஆடிட்டர்.

சடையன், கேட் காவல்காரர். இவர் அறைக்குள் இல்லை. கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில், கதவுக்கு வெளியே நின்றிருந்தார். இருந்தவர்களில் சேர்க்கலாமா என்று யோசித்துத்தான் சேர்த்திருக்கிறேன்.

நான் அங்கே இல்லை. இந்தக் கதை என்னிடம் வந்த வழி வேறு. இரவு ஷிப்ட் வேலை ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு ஊரில் சும்மா உட்கார்ந்திருந்தபோது அறிவழகன் ஒரு எழுத்து வேலை கொடுத்தார். விற்பனை வரித் தணிக்கைக்கு வியாபாரிகள் எப்படித் தயாராவது என்று பத்துக் குறிப்பு, இரண்டு பக்கத்துக்குள். அச்சடித்துத் தன்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுப்பாராம். ஜி.எஸ்.டி. வந்து இத்தனை வருடம் ஆகியும் எங்கள் பக்கம் அது சேல்ஸ் டாக்ஸ்தான், வருகிறவர்கள் சேல்ஸ் டாக்ஸ்காரர்கள்தான். ஆகவே தலைப்பை மாற்றவில்லை.

ஐந்து குறிப்புவரை ஒழுங்காக எழுதினேன். பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ரிட்டனில் காட்டிய விற்பனையும் புத்தகத்தில் உள்ள விற்பனையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இப்படி. ஆறாவது குறிப்பு இது: சரக்கு உங்கள் கேட்டைத் தாண்டிய நாளும் பில்லில் உள்ள நாளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு உதாரணம் கேட்டேன். அறிவழகன் ஊர் பெயர் சொல்லாமல், ஆள் பெயர் சொல்லாமல் மூன்று வாக்கியம் சொன்னார். அச்சுக்குப் போக வேண்டிய காகிதம் அங்கேயே நின்றுவிட்டது. நான்காவது வாக்கியத்திலிருந்து எல்லாம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவை. டிரெய்லரும் நான் வைத்ததுதான். அவர் சொன்னது வேறொரு சரக்கு.

2

ஆரம்பங்கள்.

சத்யபிரியா அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது அவள் கை நடுங்

இப்போது யாரும் கடிதம் பிரிப்பதில்லை. நோட்டீஸ் வரித் துறையின் போர்ட்டலில் வரும். கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கை நடுங்குவதும் இல்லை. அடுத்தது:

பட்டறையில் வெல்டிங் பொறிகள் நட்சத்திரங்களைப் போல

பொறி பொறியைப் போலத்தான் இருக்கும். இது போகட்டும்.

நோட்டீஸ் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. சத்யபிரியா அதை இரண்டு முறை படித்தாள். மூன்று பிரதி அச்செடுத்தாள். டீ வரும்வரை காத்திருந்து, முதலாளி பாதி டீயைக் குடித்த பிறகு கொடுத்தாள். பதினோரு வருடத்தில் அவள் கற்ற பழக்கம் அது: டீக்கு முன்னால் கெட்ட சேதி கொடுத்தால் டம்ளர் உடையும்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அறிவழகன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்.

"பதினஞ்சு வேலை நாள் இருக்குதுங்க. மூணு வருசக் கணக்கு. பில் புத்தகம், கொள்முதல், பேங்க், ஸ்டாக்கு. அப்பறம் கேட் ரிஜிஸ்டரு."

"கேட் ரிஜிஸ்டரு சேல்ஸ் டாக்ஸ்காரனுக்கு எதுக்கு?" என்றார் சின்னண்ணன்.

"வண்டி எப்ப வெளிய போச்சுன்னு பாப்பாங்க."

சத்யபிரியா தரையைப் பார்த்தாள். வசந்தாமணி சுவரில் தொங்கிய தினக்காலண்டரைப் பார்த்தார்.

[இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். பாத்திரங்களின் வாயில் வைத்துச் சொல்ல வைக்கலாம். ஆனால் அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்ததை அவர்கள் ஒருவருக்கொருவர் ஏன் சொல்லிக்கொள்ளப் போகிறார்கள்? நானே சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லர் வாங்குகிறவர்கள் விவசாயிகள். ஆடியில் எருவடிக்க, மண்ணடிக்க டிரெய்லர் இல்லாமல் ஆகாது. ஆனால் ஆடியில் புதுச் சாமான் வாங்கக் கூடாது. மார்கழியும் அப்படித்தான், அப்போது கரும்பு வெட்டு. ஆகவே ஆடியில் எடுத்துக்கொண்டு போவார்கள், ஆவணியில் வாங்குவார்கள். மார்கழியில் எடுத்துக்கொண்டு போவார்கள், தையில் வாங்குவார்கள். இடையில் அந்த டிரெய்லர் ஓடும், சுமக்கும், சேறாகும், ஒரு பக்கம் நசுங்கவும் செய்யும். ஆனால் அது இன்னும் சின்னண்ணனுடையது என்று அவர்கள் மனதார நம்புவார்கள். ஆவணி பிறந்து வசந்தாமணி குறித்துக் கொடுத்த நாளில் பட்டறைக்கு வந்து, ஓரத்தில் மஞ்சள் தடவிய பில்லை வாங்கிக்கொண்டு போய், ஒரு மாதம் உழைத்த டிரெய்லரைக் கழுவிப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அன்றிலிருந்துதான் அது புதுசு.

பில் தேதியை வைத்து வரி கட்டப்பட்டது. எதுவும் மறைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் மூன்று வாரம், நான்கு வாரம் தாமதம். மூன்று வருடத்தில் அப்படி நாற்பத்தொரு டிரெய்லர்.]

"சட்டத்துல ஆடி இல்லீங்க," என்றார் அறிவழகன்.

"அப்ப அதை எழுதுனவன் எந்த ஊருக்காரன்?" என்றார் சின்னண்ணன்.

வசந்தாமணி ஆடிட்டர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க ஊட்டுல புதுக் காரு எப்ப எடுத்தீங்க?"

அறிவழகன் பேனாவை மூடினார். "ஆவணிலதானுங்க."

"பேசி முடிச்சது?"

"ஆனிக் கடைசிலங்க."

"அப்பறம் எங்களைய மட்டும் கேக்கறீங்க."

"காரு ஷோரூம்லயே நின்னுதுங்க அம்மா. நான் ஓட்டிட்டுப் போகலீங்க. அதுதானுங்க வித்தியாசம்."

பிறகு அவர் வழியைச் சொன்னார். அது என் ஏழாவது குறிப்பு: பிழை இருந்தால் அதிகாரி கண்டுபிடிக்கும் முன்பு நீங்களே பட்டியல் போட்டு, வட்டியைக் கட்டி, எழுத்தில் சொல்லிவிடுங்கள். நாற்பத்தொன்றுக்கும் எடுத்த தேதி, பில் தேதி, இடைப்பட்ட நாள். வட்டி பெரிய தொகை இல்லை.

"தொகை கெடக்குதுங்க," என்றார் சின்னண்ணன். "நாற்பத்தொண்ணுன்னு நானா எழுதிக் குடுத்தா, நாற்பத்தொண்ணு மட்டும்தானான்னு கேப்பான். ஆடிக்காகத் தள்ளிப் போட்டோம்னு சொன்னா, திருடன் மாசத்து மேல பழி போடறான்னு சிரிப்பான். மூணு வருசத்துக்கு வந்தவன் ஆறு வருசத்தக் கிண்டுவான்."

அறிவழகன் போன பிறகு அவர் சத்யபிரியாவைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இதே மாதிரி நோட்டு மூணு வாங்கு. சடையனை ஒக்கார வெச்சு, பில்லு தேதியப் பாத்து கேட் ரிஜிஸ்டரத் திருப்பி எழுதீரு. பழசக் கொளுத்திரு."

"சார், அது..."

"உன்ற கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் இருக்கோணும். எப்பவும் போடற பச்ச மை."

4

சின்னண்ணனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மூன்று பக்கம். கிழித்துவிட்டேன். அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் ஒரு வாரம்கூட ஞாயிற்றுக்கிழமை ஆனதில்லை. பயந்துபோன ஆள், அவ்வளவுதான். பயந்த ஆளைக் கெட்டவராக்குவது எழுதுகிறவனுக்குச் சுலபம், அதனால் செய்யவில்லை.

சத்யபிரியாவிடமும் ஒரு சிக்கல். அவள் உடனே மறுத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அவள் எழுந்து நின்று

நிற்கவில்லை. அவள் கணவன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு வடக்கே போனால் ஆறு மாதம் கழித்து வருவான். பணம் சில சமயம் அவனுக்கு முன்னால் வரும், சில சமயம் வராது. வீட்டில் தேதி தவறாத சம்பளம் அவளுடையது மட்டும். ஆகவே அவள் "சரிங்க" என்றாள். கடைக்குப் போனாள். நீல அட்டை, இருநூறு பக்கம், மூன்று நோட்டு. பழைய நோட்டு மூன்றையும் கொளுத்தச் சொன்னதைக் கேட்டு, கொளுத்தாமல், காலி டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துச் சேந்தமங்கலத்துக்கு எடுத்துப் போனாள். மறுநாள் அவற்றைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், அதற்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் உண்மையாக இருக்கலாம், கொளுத்த மனம் வராததும் உண்மையாக இருக்கலாம்.

என் எட்டாவது குறிப்பு: எந்தப் பதிவேட்டையும் திருத்தி எழுதாதீர்கள். தாமதத்துக்கு வட்டி உண்டு, பொய்ப் பதிவேட்டுக்கு வேறு பெயர் உண்டு. இது சத்யபிரியாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் இருக்கப்போவது சின்னண்ணனின் பெயர் இல்லை, அவளுடைய பச்சைக் கையெழுத்து.

5

கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர்க் கேன். காலை பத்து மணிக்கே தகரம் சுட்டது.

சடையனுக்கு அறுபத்திரண்டு வயது. நான்காம் வகுப்போடு நின்றவர். கேட் வேலைக்கு வந்த பிறகுதான் திரும்ப எழுதப் பழகினார். ரிஜிஸ்டரில் ஐந்து கட்டம்: தேதி, நேரம், டிரெய்லர் நம்பர், போகிற ஊர், விட்டவர். கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் 'சடையன்' என்று முழுசாக எழுதுவார். மேலே உள்ளதே என்று குறி போட்டுவிட்டால் போதும் என்று சத்யபிரியா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

"அதெப்புடிங்க அம்மிணி? முன்னால போனத உட்டதும் நான், இதய உட்டதும் நான். ஒவ்வொரு தடவையும் நானுல்லோ எந்திரிச்சுப் போயிக் கேட்டத் தொறந்தேன்?"

பில்லிலிருந்து தேதியையும் பழைய நோட்டிலிருந்து நேரத்தையும் அவள் படிக்க, அவர் எழுதினார். முதல் வருடம் இரண்டு நாளில் முடிந்தது. சடையன் எதுவும் கேட்கவில்லை. முதலாளி சொன்னார், எழுதுகிறார். நடுவில் ஒரு முறை மட்டும் பேனாவைத் தூக்கினார்.

"அன்னைக்கு மழைங்களே அம்மிணி. சேந்தமங்கலத்துக்காரரு வண்டி கேட்டுல சிக்கி, நாங்க நாலு பேரு தள்ளுனோம். அத ஓரத்துல எழுதியிருந்தேன். இதுல எழுதறதுங்களா?"

"வேண்டாங்கண்ணா."

"ஆமா, வேண்டாம். இந்தத் தேதில மழை இல்லியே."

இரண்டாம் வருடம். ஜூலைக் கடைசியில் பரமத்தி வேலூர்க்காரர் ஒருவர் கரும்புக்கும் வாழைக்குமாக மூன்று டிரெய்லர் எடுத்துப் போயிருந்தார். பில் ஆவணியில்.

சத்யபிரியா படித்தாள். "ஆகஸ்ட் இருபத்தொண்ணு. காலைல ஒம்பதே கால். பரமத்தி வேலூர். மூணு."

சடையன் தேதி எழுதினார். நேரம் எழுதினார். நம்பர் மூன்றும் எழுதினார். ஊர் எழுதினார். பிறகு பேனா நின்றது.

"என்னங்கண்ணா?"

"அன்னைக்கு நான் கேட்டுல இல்லீங்க."

அவள் பழைய நோட்டைப் புரட்டினாள். ஆகஸ்ட் இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு: எந்த வரியும் இல்லை. அளவுகோல் வைக்காமல் கையால் இழுத்த ஒரு கோடு மட்டும்.

"லீவுங்களா?"

"செல்லியம்மாளப் பொதச்சம்ல அன்னைக்கு. ஒம்பதே காலுக்குத்தான் தூக்குனோம். வெயிலுக்கு முன்னால தூக்கோணும்னு பங்காளி அவசரப்படுத்துனான்." சடையன் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார். "இங்க என்ற பேர எழுதினா, நான் அங்க இல்லாத மாதிரி ஆயிப் போயிருமுங்களே."

செல்லியம்மாள் அவருடைய மனைவி.

பேனாவை மறுபடி ஊன்றிக்கொண்டு அவரே சொன்னார்: "பரவால்லீங்க. எழுதீர்றேன். மொதலாளிக்கு என்னமோ சிக்கல். யாராவது கேட்டாக்கூட நின்னேன்னே சொல்லீர்றேன். செத்தவ வந்தா கேக்கப் போறா?"

சத்யபிரியா நோட்டை அவர் கைக்கடியிலிருந்து இழுத்தாள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"போதுங்கண்ணா. போய்த் தண்ணி குடிங்க."

5-க்கு ஓர் அடிக்குறிப்பு

மனைவியின் சாவை வைத்துக் கதையை நிமிர்த்துவது மலிவான வேலை. தெரிந்தேதான் செய்திருக்கிறேன். முந்தைய வரைவில் அன்று அவருக்குக் காய்ச்சல். அதில் சத்யபிரியா "பரவால்லீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். கதை நோட்டோடு முடிந்துபோனது. ஒருவர் தன் பெயரை ஒரு கட்டத்தில் எழுத மறுப்பதற்கு எவ்வளவு பெரிய காரணம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காய்ச்சல் போதவில்லை என்பது உலகத்தின் குறையா என் குறையா தெரியவில்லை.

ஆனால் ஒன்று. மூன்று வருடத்துக்கு முகூர்த்த நாட்களை எடுத்துப் பாருங்கள். அந்த நாட்களிலும் ஆட்கள் செத்திருப்பார்கள். நல்ல நாள் பார்த்துப் பில் போடுகிற எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு வரி இருக்கும். நான் கண்டுபிடித்தது பெயரை மட்டும்தான்.

6

"எழுதலீங்க சார்."

சின்னண்ணன் கணக்கிட்டுக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன், பேனா இல்லியா?"

சத்யபிரியா ஆகஸ்ட் இருபத்தொன்றைச் சொன்னாள். அதிகம் சொல்லவில்லை. தேதி, நேரம், பெயர்.

சின்னண்ணன் காகிதத்தைக் கீழே வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாமணிதான் முதலில் பேசினார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "சாவுக்குப் போயிட்டு வந்து, தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் மூணு பில்லும் போடச் சொன்னேன். அந்த மாசத்துல அத உட்டா வேற நாளு சரியில்ல. பரமத்திக்காரரு வேற காத்துட்டுக் கெடந்தாரு."

"நீ சும்மா இரு," என்றார் சின்னண்ணன்.

"சும்மாத்தான் இருந்தேன். அவ பொணத்துக்கு மாலை போட்ட கையிலதான் பில்லுக்கு மஞ்சளத் தடவுனேன். அன்னைக்கு ஒண்ணும் தோணல."

"அந்த ஒரு நாளத் தாண்டி எழுதச் சொல்லு. மத்தது முப்பத்தெட்டும் எழுதலாமல்லோ?"

"அந்த மூணு டிரெய்லரு எப்பப் போச்சுன்னு எழுதறதுங்க சார்?" என்றாள் சத்யபிரியா. "பறந்தா போச்சு?"

அவள் இப்படிப் பேசிப் பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. சின்னண்ணன் அவளைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நானே எழுதறேன். எனக்குத் தமிழ் தெரியும்."

எழுதினார். வீட்டில் உட்கார்ந்து, பில்களைப் பார்த்து, நான்கு நாள். முதுகு வலி உள்ள மனிதர். வேறு மூன்று நோட்டு வாங்கிப் புதிதாக, எல்லாவற்றையும் சாய்ந்த கையெழுத்தில், 'விட்டவர்' கட்டத்தில் நாள் தவறாமல் சடையன் பெயரோடு. செல்லியம்மாள் புதைக்கப்பட்ட நாளிலும்தான். முடித்துக் கொண்டுவந்து சத்யபிரியா மேசையில் வைத்து, பச்சைப் பேனாவை அதன் மேல் வைத்தார். "போடு," என்றுகூடச் சொல்லவில்லை. அவள் போடவில்லை. பேனா அங்கேயே இருந்தது. கூட்டுகிறவர்கள் அதைத் தூக்கிவிட்டுத் தூசி தட்டி, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் மத்தியான வேளைகளில் அவள் அறிவழகன் சொன்ன பட்டியலைத் தயாரித்தாள். நாற்பத்தொரு வரி. எடுத்த தேதி பழைய நோட்டிலிருந்து. பில் தேதி கம்ப்யூட்டரிலிருந்து. நாள் வித்தியாசம். வட்டி. யாரும் அவளிடம் கேட்கவில்லை.

தணிக்கைக்கு முந்தின நாள் வசந்தாமணி ஆபீசுக்கு வந்தார். சின்னண்ணன் பட்டறைக்குள் சேசிஸ் அளந்துகொண்டிருந்தார். வசந்தாமணி சேலை மடிப்பிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். தினக்காலண்டர் தாள்கள். கிழித்த தாள்களில் பில் போட்ட நாட்களை மட்டும் எடுத்து, பின்னால் பெயர் எழுதி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். மூன்று வருடமும் இருந்தது.

"இது எதுக்காகுமோ எனக்குத் தெரியல சாமி," என்றார். "நல்ல நாளு பாத்துத்தான் போட்டோம், திருடறதுக்குப் போடலன்னு யாராவது சொன்னா நம்பறதுக்கு ஆகுமா?"

"தெரியலீங்கம்மா."

"அவருகிட்டச் சொல்லாத."

"அவருகிட்டச் சொல்லாம எப்புடிங்கம்மா?"

வசந்தாமணி கட்டை மேசையில் வைத்தார். "சரி, சொல்லு. ஆனா எல்லாம் முடிஞ்சு போயிச் சொல்லு," என்றுவிட்டுப் போனார்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) சத்யபிரியா பழைய நோட்டையும் பட்டியலையும் கொடுக்கிறாள். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்து, தன் ஊரிலும் ஆடியில் எதுவும் வாங்கமாட்டார்கள் என்கிறார். வட்டியோடு முடிகிறது. சின்னண்ணன் கண் கலங்கி

இல்லை. அவர் கலங்கமாட்டார். எனக்கும் இப்படிப்பட்ட அதிகாரியைத் தெரியாது.

(ஆ) அவள் கொடுக்கிறாள். அதிகாரி நம்பவில்லை. ஒரு நோட்டைத் திருப்பி எழுதியவர்கள் எத்தனை நோட்டை எழுதியிருப்பார்கள் என்று கேட்கிறார். ஆறு வருடமும் கிண்டப்படுகிறது. சத்யபிரியாவுக்கு வேலை போகிறது. சின்னண்ணன் பயந்தது சரி என்றாகிறது. இதை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது; கசப்பாக முடித்தால் உண்மையாக முடித்த மாதிரி ஒரு நினைப்பு வரும். அதனாலேயே இதை நம்பவில்லை.

(இ) அவள் கொடுக்கவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறாள். யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தணிக்கை முடிகிறது. சடையன் மறுநாளும் கேட்டுக்கு வருகிறார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

மூன்றில் அதிகம் நடப்பது (இ). இதைத்தான் முதலில் வைத்திருந்தேன். ஒரு வாரம் அப்படியே இருந்தது. பிறகு ஒன்பதாவது குறிப்பை எழுதினேன்: அதிகாரிகளிடம் பதில் சொல்ல ஒருவரை மட்டும் நியமியுங்கள், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எழுதி முடித்ததும் அந்த ஒருவர் யார் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பட்டறையில் எல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான். தெரிந்தவள் உள்ளே போய் என்ன சொல்வாள் என்பதை நான் முடிவு செய்ய வேண்டியதில்லை என்று பட்டது.

8

வியாழக்கிழமை பத்தரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். தீபிகா என்ற அதிகாரி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கூடவே ஓர் எழுத்தர். சின்னண்ணனும் அறிவழகனும் அவர்களை ஆபீசுக்குள் உட்கார வைத்தார்கள். மேசையில் கோப்புகள் அடுக்கியிருந்தன. புது கேட் ரிஜிஸ்டர் மூன்றும் இடது ஓரத்தில், கையெழுத்து இல்லாமல்.

சத்யபிரியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பை. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தபோது அதை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். பட்டறைக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது; ஆபீசுக்குள் பேசுவது இரண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கேட்டது.

சடையன் கேட்டிலிருந்து வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மிணி, என்னையக் கேட்டாங்கன்னா நின்னேன்னு சொல்லீர்றேன். மொதலாளி நேத்தே சொல்லிட்டாரு. ஒம்பதே காலு. மூணு. பரமத்தி வேலூரு. மனப்பாடம் பண்ணிட்டேன்."

"சொல்லுங்க பாக்கலாம்."

"ஆகஸ்ட் இருபத்தொண்ணு, காலைல ஒம்பதே கால்..." அவர் வாய் அங்கேயே நின்றது. துண்டால் மூக்கைத் துடைத்தார். "வந்துரும். கூப்புடறப்ப வந்துரும்."

உள்ளேயிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. கிரைண்டர் நின்ற இடைவெளியில் தெளிவாகவே கேட்டது. "இந்த ரிஜிஸ்டரில் சரிபார்த்த கையெழுத்து எங்கேயும் இல்லையே. யார் சரிபார்ப்பது?"

சின்னண்ணன்தான் பதில் சொல்ல வேண்டும். சடையனைச் சொல்லியிருக்கலாம். தன்னையே சொல்லியிருக்கலாம். ஏன் இப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து எழுதியதில் அவரும் அந்த ஒரு வரியைத் தன் கையால் எழுதித்தானே இருப்பார்.

"கணக்கு எழுதற அம்மிணிங்க. வெளிய இருக்குது."

"வரச் சொல்லுங்கள்."

சத்யபிரியா டிபன் பையைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பழைய நோட்டுகள், நாற்பத்தொரு வரிப் பட்டியல், ரப்பர் பேண்டு போட்ட காலண்டர் தாள்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பையைப் பெஞ்சிலேயே விட்டாள்.

"நீங்க கேட்டுக்குப் போங்கண்ணா," என்றாள். "உங்களக் கூப்புட மாட்டாங்க."

"நெசமாவா?"

"உங்க நோட்டு உள்ள வருதல்லோ. நீங்க எதுக்கு?"

அவர் நோட்டைப் பார்த்தார். கொளுத்தியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். கேட்டைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் ஒரு முறை நின்று, திரும்பாமல், மறுபடி நடந்தார்.

இதற்கு மேல் எழுத என்னால் முடியும். எழுதமாட்டேன். அந்த அதிகாரி ஆடியை நம்பினார் என்று எழுதினால் சத்யபிரியா செய்தது புத்திசாலித்தனம் ஆகிவிடும். நம்பவில்லை என்று எழுதினால் முட்டாள்தனம் ஆகிவிடும். பெஞ்சிலிருந்து எழுந்தபோது அவளுக்கு அது எதுவென்று தெரியாது. தெரியாமல்தான் எழுந்தாள். அந்தத் தெரியாமையை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். உங்கள் இடது கைப் பக்கம் சாய்ந்த கையெழுத்தில் மூன்று புது நோட்டு. உங்கள் முன்னால் ஒரு பெண் பழைய நோட்டைப் பிரிக்கப் போகிறாள். ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர், மூன்று நாளுக்கு ஒரு கோடு. மாதத்தின் பெயரைச் சொல்லி ஒரு காரணம் சொல்லப் போகிறாள். நம்புவதா வேண்டாமா என்று உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் நேரம், அவள் பேசி முடிக்கும்வரை.

என் பத்தாவது குறிப்பை இன்னும் எழுதவில்லை.

சத்யபிரியா உள்ளே போனாள். கிரைண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரும்புத் தூள் வாசல்வரை வந்தது. எழுத்தர் தலையை நீட்டி, இனி யாரும் வர வேண்டாம் என்று வெளியே நின்ற பட்டறை ஆட்களிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தினால் மட்டும் நிற்காத கதவு அது. கொஞ்சம் திறந்துகொண்டது. இரண்டாம் முறை அழுத்திச் சாத்தி, உள்ளிருந்து சாவியைத் திருப்பினார்.